தோற்கும் கழகத்துக்கு மீண்டும் சந்தாவா?

"சீசன்" என்ற சொல்லுக்கு நம் மலைநாட்டில் இரண்டு அர்த்தங்கள் வழங்கி வருகின்றன. நுவரெலியாவாசிகளைக் கேட்டால், சித்திரை மாதத்தில் மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் கொழும்பு மக்களின் கூட்டமுமாக நகரம் திமிலோகப்படும் காலமே சீசன் என்பார்கள். தோட்டத்திலிருந்து பட்டணத்துப் பாடசாலைக்குப் போகும் பிள்ளையைக் கேட்டாலோ, மாதத்துக்கு ஒருமுறை பணம் கட்டி வாங்கும் பஸ் சீட்டுத்தான் சீசன் என்று சொல்லும். இங்கிலாந்திலே இதற்கு மூன்றாவது அர்த்தமும் உண்டு. ஓர் உதைபந்தாட்டக் கழகம் தன் சொந்த மைதானத்தில் அந்தப் பருவம் முழுவதும் ஆடும் லீக் ஆட்டங்களைப் பார்ப்பதற்கு, முன்கூட்டியே மொத்தமாகப் பணம் செலுத்தி வாங்கும் சீட்டு அது.

பஸ் சீசன் வாங்கியவனுக்கு ஊர் போய்ச் சேருவது ஏறக்குறைய நிச்சயம். உதைபந்தாட்டச் சீசன் வாங்கியவனுக்கோ எதுவும் நிச்சயமில்லை. கழகம் வெல்லலாம், வாரந்தோறும் தோற்று, மேல் வகுப்பிலிருந்து கீழ் வகுப்புக்கு இறங்கவும் செய்யலாம். அப்படித் தோற்ற வருஷத்தின் முடிவில், "அடுத்த பருவத்துக்கும் சீட்டைப் புதுப்பிக்கிறீர்களா?" என்று கழகத்திலிருந்து கடிதம் வரும். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பத் தலைவர் ஒரு பக்கமும், வீட்டுச் செலவுக் கணக்கை வைத்துக்கொண்டு தலைவி ஒரு பக்கமுமாக யோசிக்கும் வீடுகள் அங்கே ஆயிரக்கணக்கில் உண்டு.

"இது வெள்ளைக்காரர் கவலை; நமக்கு என்ன?" என்று நேயர்கள் கேட்கலாம். நமக்கும் நிறைய உண்டு. நம் தோட்டங்களில் வாலிபர்கள் கூடி நடத்தும் விளையாட்டுக் கழகங்களுக்குச் சந்தா கட்டுகிறோம். மரண உதவிச் சங்கத்துக்குக் கட்டுகிறோம். கோவில் திருவிழாவுக்குக் கட்டுகிறோம். நன்றாக நடக்கும்போது யாரும் யோசிப்பதில்லை. நலிந்து போகும்போதுதான், "இன்னும் கட்டத்தான் வேண்டுமா?" என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்விக்குப் பிறர் எவ்வாறு விடை கண்டார்கள் என்பதை அறிவது வீண் போகாது.

முதலில் ஒரு தொழிலாளர் பட்டணத்தின் கதையைப் பார்ப்போம். இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ளது சண்டர்லண்ட். கப்பல் கட்டியும் நிலக்கரி வெட்டியும் பிழைத்த ஊர் அது. அங்கிருந்த மங்க்வெயர்மவுத் நிலக்கரிச் சுரங்கம் 1993ஆம் ஆண்டு மூடப்பட்டது. சுரங்கம் இருந்த அதே நிலத்தில் 1997ஆம் ஆண்டு கழகத்தின் புதிய மைதானம் திறக்கப்பட்டது. சுரங்கத் தொழிலாளரின் கைவிளக்கைப் பெரிய உருவில் அமைத்து, அதன் வாசலில் நாட்டியிருக்கிறார்கள். நம் ஊர் மைதானமொன்றின் வாசலில் கொழுந்துக் கூடையைச் சிலையாக வைத்தால் நமக்கு எப்படியிருக்குமோ, அப்படித்தான் அவர்களுக்கும் இருந்திருக்கும்.

இந்தக் கழகம் 2017ஆம் ஆண்டு முதல் வகுப்பிலிருந்து இறங்கியது. மறுவருஷமே இரண்டாம் வகுப்பிலிருந்தும் இறங்கி மூன்றாம் வகுப்பை அடைந்தது. ரசிகர்கள் ஓடிப்போனார்களா? 2018–19 பருவத்தில், மூன்றாம் வகுப்பில் ஆடிய அந்தக் கழகத்தைப் பார்க்க ஆட்டத்துக்குச் சராசரி 30,000க்கும் அதிகமானோர் வந்தனர். நான்கு வருஷங்கள் மூன்றாம் வகுப்பிலே கிடந்து, 2022ஆம் ஆண்டு ஒரு படி ஏறி, 2025ஆம் ஆண்டு மே மாதம் மீண்டும் முதல் வகுப்புக்குத் தகுதி பெற்றது. சுரங்கமும் போன ஊருக்குக் கழகமாவது மிஞ்சட்டும் என்று ஒட்டிக்கொண்டிருந்தவர்களுக்குக் கிடைத்த பலன் அது.

இதனைக் கேட்டதும், "பொறுத்தவர் பூமியாள்வார், எப்போதும் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும்" என்று தீர்மானித்துவிடலாகாது. அதே நாட்டில் வேறொரு கதையும் நடந்தது.

பெரி என்ற சிறு பட்டணத்துக் கழகம் 1885ஆம் ஆண்டு தோன்றியது. 1900ஆம் ஆண்டிலும் 1903ஆம் ஆண்டிலும் எப்.ஏ. கிண்ணத்தை வென்றது. 1903 இறுதியாட்டத்தில் டார்பி கவுண்டியை 6–0 என்று தோற்கடித்தது. அத்தகைய பழம்பெருமை வாய்ந்த கழகம் கடனில் மூழ்கியது. 2018ஆம் ஆண்டு முடிவில் வெறும் ஒரு பவுணுக்குக் கைமாறியது. 2019 ஆகஸ்ட் 27ஆந் திகதி, கழகத்தை வேறொருவருக்கு விற்கும் பேச்சு முறிந்ததும், அது லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. அன்று பகலில் நூற்றுக்கணக்கான ரசிகர்கள் துடைப்பமும் வாளியுமாக வந்து மைதானத்தின் ஆசனங்களைக் கழுவித் துடைத்தார்கள். மாலைக்குள் நல்ல செய்தி வரும், சனிக்கிழமை ஆட்டம் நடக்கும் என்று நம்பினார்கள். நல்ல செய்தி வரவில்லை. அந்தப் பருவத்தில் பெரி ஒரு லீக் ஆட்டங்கூட ஆடவில்லை. அங்கே அன்புக்குக் குறைவிருக்கவில்லை. கணக்கிலே நேர்மையும் நிதானமும் இருந்தனவா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது கதை பிளாக்பூலுடையது. 2010ஆம் ஆண்டு முதல் வகுப்பில் ஆடிய கழகம் அது. முதல் வகுப்பிலே கிடைத்த பெரும் வருமானம் கழகத்துக்குச் செலவிடப்படவில்லை என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் சீட்டு வாங்குவதை அடியோடு நிறுத்திவிட்டார்கள். "உரிமையாளர் போகும்வரை ஒரு காசும் கொடோம்" என்பது அவர்கள் சபதம். தாம் உயிராக நேசித்த கழகத்தின் வாசலை வருஷக்கணக்கில் மிதியாதிருந்தார்கள். 2017ஆம் ஆண்டு நவம்பரில் நீதிமன்றமும், கழகத்தின் பணம் முறையற்ற வழியில் வெளியே எடுக்கப்பட்டதென்று தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டு தொடக்கத்தில் நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர் கழகத்தை ஏற்றார். அந்த மார்ச் மாதம் 9ஆந் திகதி, பகிஷ்காரம் முடிந்த முதல் ஆட்டத்துக்கு 15,000க்கும் அதிகமானோர் திரும்பி வந்தனர். விலகியிருந்ததும் பற்றின் ஒரு வடிவமே என்பதை அவர்கள் நிரூபித்தார்கள்.

விம்பிள்டன் ரசிகர்களின் வழி இன்னும் துணிச்சலானது. 2002ஆம் ஆண்டு அவர்களுடைய கழகத்தைத் தொலைவிலுள்ள மில்ட்டன் கீன்ஸ் பட்டணத்துக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்தபோது, அவர்கள் அழுதுகொண்டிருக்கவில்லை. புதுக் கழகமொன்றைத் தாங்களே தொடங்கினார்கள். ஆட்டக்காரரைத் தெரிவு செய்ய ஊர்ப் பொதுவெளியிலே பரீட்சை வைத்தார்கள். ரசிகர்களே உரிமையாளராக உள்ள அந்தக் கழகம் அடிமட்டத்திலிருந்து ஏறி, ஒன்பதே பருவங்களில், 2011ஆம் ஆண்டு, தேசிய லீக் வகுப்புகளுக்குள் நுழைந்தது.

இந்த நான்கு கதைகளையும் ஒன்றாகக் கட்டிப் பார்க்க ஒரு பொருளாதார அறிஞர் நமக்கு உதவுகிறார். ஆல்பர்ட் ஹேர்ஷ்மன் என்பவர் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், நலிந்துவரும் ஸ்தாபனத்தின் அங்கத்தவருக்கு இரண்டு வழிகள் உள்ளன என்றார். ஒன்று விலகுதல், மற்றது குரல் எழுப்புதல். இவ்விரண்டில் எதைத் தெரிவதென்பதை நிர்ணயிப்பது பற்று. நைஜீரியாவின் ரயில் சேவையைக் கண்டபோது அவருக்கு இந்த எண்ணம் பிறந்தது. சேவை சீர்கெட்டதும், குறை சொல்லத் தெரிந்த வாடிக்கையாளர்கள் லொறிக்குப் போய்விட்டார்கள். கேட்க ஆளில்லாமையால் ரயில் மேலும் சீர்கெட்டது. நியாயம் பேசத் தெரிந்தவர் முதலில் கிளம்பிவிட்டால் எஞ்சியவர் கதி என்னவாகும் என்பதை நம் தோட்டப் பாடசாலைகளை வைத்து யோசித்தாலும் நன்கு விளங்கும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். உதைபந்தாட்டத்துக்குப் பருவச் சீட்டு வாங்கும் வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. ஆனால் ரசிகர்களுக்குக் குறைவில்லை. 1995ஆம் ஆண்டு கொழும்பில் இந்தியாவை 1–0 என வென்று தெற்காசியத் தங்கக் கிண்ணத்தை நம் அணி தூக்கியது. அதன் பின்னர் சர்வதேச வரிசையில் நாடு மிகவும் கீழே இறங்கியது. 2023ஆம் ஆண்டு ஜனவரியில் சம்மேளனத்தின் விவகாரங்களில் வெளியார் தலையீடு இருந்ததென்று கூறிச் சர்வதேசச் சங்கமான பீபா இலங்கையை இடைநிறுத்தியது. ஆகஸ்டிலேதான் அந்தத் தடை நீங்கியது. மைதானத்திலே தோற்றது ஒரு பங்கென்றால், மேசையிலே தோற்றது மறுபங்கு.

மலைநாட்டுக்கும் இதிலே ஓர் இடம் உண்டு. 2021ஆம் ஆண்டு முதன்முறையாக நடைபெற்ற சூப்பர் லீக் போட்டியில் பத்துக் கழகங்கள் ஆடின. ஒன்பது கழகங்கள் கொழும்பையோ மேற்குக் கரையோரத்தையோ முப்படைகளையோ சார்ந்தவை. எஞ்சிய ஒன்று நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸ். 1874ஆம் ஆண்டு ரயில் வந்து சேர்ந்து, அதன் பின்னரே ஹட்டனுக்கும் நானுஓயாவுக்கும் மலையேறிய பாதையின் வாசலில் உள்ள ஊர் அது. போட்டியில் கிண்ணத்தைக் களுத்துறையின் புளூ ஸ்டார் கழகம் கொண்டுபோயிற்று. என்றாலும், தலைநகரின் பணபலத்துக்கு முன்னே மலைப் பட்டணமொன்று பெயர் கொடுத்து நின்றது சிறிய காரியமன்று.

தோட்டத்துக் கழகங்களின் நிலை இன்னும் எளிமையானது. ஒரு பந்து, ஒரு தொகுதிச் சட்டை, போட்டிக்கு நுழைவுப் பணம், ஹட்டன் டன்பார் மைதானத்துக்கோ நோர்வூட்டுக்கோ போய்வர லொறிக் கூலி. இவ்வளவுக்குத்தான் சந்தா. ஆனால் அந்தச் சிறு தொகையும் எங்கிருந்து வருகிறது? ஆகக் குறைந்த நாட்சம்பளம் 2021ஆம் ஆண்டு மார்ச்சில் 1,000 ரூபாவாகவும், 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. குறித்த அளவு கொழுந்து நிறையாவிட்டால் அதுவும் அரைப்பேராகிவிடும். அட்டைக்கடியிலும் மழையிலும் நின்று சேர்த்த பணத்தில் மகன் கழகத்துக்கென்று கேட்கும்போது, "தோற்கிறவர்களுக்கு ஏன் அப்பா கொட்டி அழவேண்டும்?" என்று தாய் கேட்பது தப்பன்று.

அந்தத் தாய்க்கும் மகனுக்கும் உதவக்கூடிய மூன்று கேள்விகள் மேற்சொன்ன கதைகளிலேயே அடங்கியிருக்கின்றன.

முதலாவது: கழகம் மைதானத்திலே தோற்கிறதா, கணக்குப் புத்தகத்திலே தோற்கிறதா? மைதானத்துத் தோல்வி நோயன்று. அது பயிற்சியால் தீரும். கணக்குக் காட்டாமைதான் நோய்.

இரண்டாவது: சந்தா கட்டியவனுக்கு வாய் திறக்க இடமுண்டா? ஆண்டுக் கூட்டம் கூடுகிறதா? வரவு செலவை வாசிக்கிறார்களா? நம் தொழிற்சங்கச் சந்தா நெடுங்காலம் சம்பளத்திலேயே கழிக்கப்பட்டு வந்தது. 2021ஆம் ஆண்டு கூட்டு ஒப்பந்தம் கைவிடப்பட்ட பின்னர் அந்த ஏற்பாடு குலைந்தது. தானாகக் கழிந்த பணத்தைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. கையால் எடுத்துக் கொடுக்கும் பணத்துக்கோ கணக்குக் கேட்கத் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவது எந்தச் சங்கத்துக்கும் நன்மையே.

மூன்றாவது: நாம் விலகினால் அந்த இடத்தில் என்ன இருக்கும்? பட்டணத்திலே ஒரு கழகம் மூடினால் வேறொன்று உண்டு. தோட்டத்திலே மூடினால், மாலை நேரத்தில் வாலிபனுக்கு எஞ்சுவது கள்ளுக்கடையோ கைத்தொலைபேசியோதான். நம் பெண்பிள்ளைகளும் பந்துதைக்க ஆசைப்படும் காலம் இது. அவர்களுக்கும் அந்த மைதானத்தைத் தவிர வேறிடம் இல்லை.

இவற்றுக்கு விடை கண்டபின் முடிவெடுப்பது கடினமன்று. நேர்மையாக நடந்தும் தோற்கின்ற கழகமென்றால், வீட்டில் அரிசிக்கும் பிள்ளையின் புத்தகத்துக்கும் ஒதுக்கியபின் மிஞ்சுவதில் மகிழ்ச்சியோடு கட்டலாம். கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ கட்ட வேண்டியதில்லை. பணமில்லாதவர் மைதானத்தில் புல் வெட்டியும் கோடு போட்டும் தம் பங்கைச் செலுத்தலாம். கணக்கை மூடி வைக்கும் கழகமென்றால், முதலில் கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டும். கேட்டும் பயனில்லையெனில் சந்தாவை நிறுத்த வேண்டும். அப்போதும் பந்தாட்டத்தை நிறுத்தலாகாது. நாலு நல்லவர் சேர்ந்து புதுக் கழகம் தொடங்கலாம்.

வெல்கின்ற அணிக்குக் கைதட்ட உலகமெல்லாம் வரும். தோற்கின்ற அணிக்குப் பக்கத்தில் நிற்க ஊரார்தான் வேண்டும். ஆனால் ஊரார் கண்ணைத் திறந்துகொண்டு நிற்க வேண்டும். ஒரு கையில் சந்தாவும், மறுகையில் கணக்குக் கேட்கும் உரிமையுமாக.