ரெண்டு சர்வர், ரெண்டு கடிகாரம்

ஒரு ஆப் ஒரு கணக்குல 5,000 ரூபாய் எடுக்குது. முடிஞ்ச கையோட இன்னொரு கணக்குல போடுது. ரெண்டும் வேற வேற சர்வர். போட்ட சர்வரோட கடிகாரம் துளி பின்னாடி ஓடினா, போட்டதுதான் முதல்ல நடந்ததா பதிவாகும். அந்த இடைப்பட்ட நேரத்துக்குக் கணக்கைக் கூட்டினா, அதே 5,000 ரெண்டு இடத்துலயும் இருக்கும்!

கூகுளோட ஸ்பேனர் இதைச் சமாளிக்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2012-ல வெளியான கட்டுரைப்படி, ஜி.பி.எஸ்., அணுக்கடிகாரம் எல்லாம் வச்சும் 'மணி இதுதான்'னு அது அடிச்சுச் சொல்லாது. 'இதுக்கும் இதுக்கும் நடுவுல'ன்னுதான் சொல்லும். சந்தேகம் சில மில்லிசெகண்ட். கடைசி எல்லையை முத்திரையா குத்திட்டு, அந்த நேரம் நிச்சயமா தாண்டுற வரைக்கும் சும்மா காத்திருக்கும். அப்புறம்தான் 'முடிஞ்சது'ன்னு பதில். அதுக்குப் பிறகு ஆரம்பிக்கிற எதுவும் இதுக்கு முந்தின நேரத்தை வாங்கவே முடியாது. அந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான் அணுக்கடிகாரச் செலவெல்லாம்.