ஒரே கொடியின் பல நிறங்கள்

1395-ஆம் ஆண்டில் பிரான்சின் பர்கண்டிப் பகுதியை ஆண்ட கோமகன் பிலிப், கமே என்ற திராட்சைக் கொடிகளைப் பிடுங்கி எறியும்படி ஆணையிட்டார். கமே வஞ்சனையில்லாமல் காய்க்கும், அதனால் உழவர்களுக்கு அதைப் பிடித்திருந்தது. கோமகனுக்குப் பிடித்ததோ, கொஞ்சமாகக் காய்த்து நயமான ஒயின் தரும் பினோ. அறுநூறு ஆண்டுகள் கழித்து, 1999-இல் வெளியான மரபணு ஆய்வு, கமே அந்தப் பினோவுக்கே பிறந்த பிள்ளை என்று காட்டியது. இன்னொரு பெற்றோர் கூவே பிளாங் என்ற, அந்தஸ்தில்லாத வெள்ளைத் திராட்சை. உலகமெங்கும் விற்கிற ஷார்டனேயும் இதே சோடிக்குப் பிறந்ததுதான்.

விதை போட்டு முளைக்க வைத்தால் இப்படி வேறு வேறு பிள்ளைகள்தான் வரும், பினோ வராது. ஆகவே முருங்கைப் போத்தை ஒடித்து நடுவதுபோல, குளிர்காலத்தில் கவாத்து செய்த குச்சிகளிலிருந்தே பினோவைப் பெருக்குகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேரை உறிஞ்சும் பூச்சி ஐரோப்பாவின் தோட்டங்களை அழித்த பிறகு, அந்தக் குச்சியை அமெரிக்கத் திராட்சையின் வேரில் ஒட்டுகிறார்கள். பர்கண்டி, அமெரிக்காவின் ஓரிகன், நியூசிலாந்து என எங்கே படர்ந்தாலும், மண்ணுக்கு மேலே இருப்பது என்றோ முளைத்த ஒரே செடியின் உடல்தான்.

ஆனால் அந்த உடல் மாறாமல் இருக்கவில்லை. செல்கள் பிரியும்போது எப்போதாவது மரபணுவில் ஓர் எழுத்துப் பிழை நேரும். அந்தக் கிளையிலிருந்து குச்சி எடுத்தால் பிழையும் கூடவே வரும். கருநீலப் பழம் தருவது பினோ நுவார். நிறத்துக்கான மரபணு கொடியின் உள்ளடுக்குச் செல்களில் மட்டும் தொலைந்துபோய், வெளியடுக்கில் தங்கிவிட்ட வகை பினோ கிரீ; அதன் பழம் சாம்பல் பூத்த இளஞ்சிவப்பு. இரண்டு அடுக்கிலும் தொலைத்தது வெள்ளைப் பழம் தரும் பினோ பிளாங். ஒரே கொடிக்குள் இரண்டு மரபுகள் அடுக்கடுக்காக வாழ்கின்றன என்பதை முதலில் கேட்டால் நம்பத் தோன்றாது.

இதைவிட விசித்திரம் பினோ மூனியே. இதன் இளந்தளிரில் வெண்ரோமம் அடர்ந்திருக்கும். ஆஸ்திரேலியாவின் பால் பாஸ், மார்க் தாமஸ் இருவரும் இதன் வெளியடுக்குச் செல்களை மட்டும் பிரித்து வளர்த்தபோது ஒரு குள்ளச் செடி வந்தது. பற்றுக்கம்பி வரவேண்டிய இடத்திலெல்லாம் பூங்கொத்து! ஜிப்பெரலின் என்ற வளர்ச்சி ஹார்மோனுக்குச் செவிசாய்க்காத ஒரு மரபணுதான் காரணம் என்று 2002-இல் எழுதினார்கள். பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமையைக் குட்டையாக்கியதும் இதே வகை மரபணு, கும்பகோணத்துக்காரரான எம்.எஸ். சுவாமிநாதன் இந்திய வயல்களுக்குக் கொண்டுவந்த கோதுமை அது.

பினோ நுவார் பழத்தின் சதை நிறமற்றது, நிறமெல்லாம் தோலில். பழத்தை மெல்லப் பிழிந்து உடனே தோலை நீக்கினால் வெளிர்சாறு. ஷாம்பேன் பெருமளவு இப்படித்தான் கறுப்புப் பழத்திலிருந்து வருகிறது. சிவப்பு ஒயினுக்குத் தோலோடு சேர்த்தே நொதிக்க விடுவார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வெளிவிடும் கரியமில வாயு தோலை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும்; அதைக் கட்டையாலோ காலாலோ அமுக்கி மீண்டும் மீண்டும் சாற்றில் முக்க வேண்டும். பிறகு 228 லிட்டர் ஓக் பீப்பாய்களில் ஓய்வு. மற்றத் திராட்சைகளின் நிறமிகள் சிலவற்றில் ஒட்டியிருக்கும் அமில மூலக்கூறுகள் பினோவின் நிறமிகளில் இல்லை. தோலும் மெல்லியது. எனவே கோப்பையில் இது அடர்ந்து நிற்காது. மறுபுறம் ஒளி தெரியும். நிறம் வெளிறினால் சரக்கு மட்டம் என்று நினைப்பவர்கள் இங்கே ஏமாறுவார்கள்.

சுவை பார்ப்பது பெரும்பாலும் மூக்கின் வேலை. இளம் ஒயினில் செர்ரி, ராஸ்பெர்ரி. வயதானால் காளானும் நனைந்த சருகும். பர்கண்டி பினோவின் மணத்துக்கு முக்கியமானவை என்று 1995-இல் இனங்காணப்பட்ட நான்கு சேர்மங்களில் ஒன்று மெத்தில் ஆந்த்ரனிலேட். அது மல்லிகையிலும் உண்டு. மற்றொன்று எத்தில் சின்னமேட். கச்சோலக் கிழங்கின் வாசனையில் அதற்குப் பெரும் பங்கு. ஒயினில் இவை துளியிலும் துளி. தனித்தனியாக முகர்ந்து சொல்ல முடியாது. கலந்துதான் 'இது பினோ' என்று தோன்ற வைக்கின்றன.

இந்த மென்மையான மணத்துக்குக் குளிர்ந்த, நீண்ட பருவம் வேண்டும். பர்கண்டியின் போன் நகரில் திராட்சை அறுவடை தொடங்கிய நாள்கள் 1354 முதல் பதிவாகியுள்ளன. அந்தப் பதிவின்படி, 1988-க்குப் பிறகு அறுவடை முன்பைவிடச் சராசரியாக 13 நாள் முந்திவிட்டது. வெயில் ஏறினால் சர்க்கரை கூடும், புளிப்பு குறையும், மணம் மங்கும். கொடி சீக்கிரம் துளிர்ப்பதால் ஏப்ரல் உறைபனியும் தளிரைக் கருக்கிவிடும். 2021-இல் அப்படித்தான் ஆயிற்று. இப்போது பழைய தோட்டங்களுக்குள் ஆய்வாளர்கள் தேடுவது, தாமதமாகப் பழுக்கும்படி எழுத்துப் பிழை நேர்ந்த பினோக் குச்சிகளை.