இது 'அறுவை' கட்டுரை இல்ல பாஸ்!

முதல்ல ஒரு சத்தியம் பண்ணிடறேன். கத்தி, பிளேடு, ரம்பம், அறுவை... இந்த நாலு வார்த்தையும் இந்தக் கட்டுரையில அடிக்கடி வரும். ஆனா, உங்களை அறுக்கற உத்தேசம் சுத்தமா இல்லை! மேட்டர் இதுதான்: தொட்டிக்குள்ள நெருக்கியடிச்சு நிக்கிற ஒரு செடியை நாலாப் பிரிச்சு நாலு தொட்டியில வைக்கணும்னா எந்தக் கத்தி தோது? அதை எப்படிப் பிடிக்கணும், எப்படித் துடைக்கணும்?

'இதுக்கெல்லாமா ஒரு கட்டுரை? கிச்சன்ல கிடக்கிற கத்தியை எடுத்தோமா, வெட்டினோமான்னு போக வேண்டியதுதானே'ன்னு கேக்கறீங்களா? அந்த 'எடுத்தோமா, வெட்டினோமா'வுலதான் வில்லங்கமே இருக்கு. ஒரு நாட்டு வாழைத் தோட்டங்களையே கலங்கடிச்ச ஒரு கதையில கத்திக்கும் முக்கியமான ரோல் உண்டு. அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்றேன்.

மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற எனக்கு, மெட்டலர்ஜி பேப்பர்ல படிச்சது நிஜமாவே பிரயோஜனப்பட்ட ஒரே இடம் எங்க வீட்டு மொட்டை மாடிதான். ஹாஸ்டல் வராண்டாவுல தொட்டி வைக்கிற கோஷ்டி இப்போ எல்லா காலேஜ்லயும் இருக்கு. அவங்க பாதிப் பேர் காசு கொடுத்து வாங்குற செடி, பக்கத்து ரூம்காரன் தொட்டியில பிதுங்கிக்கிட்டு நிக்கும். பிரிச்சுக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

பிரிக்கிறதுன்னா கிளையை ஒடிச்சு நடுறது இல்லை. பீஸ் லில்லி, கல்வாழை, பெரணி, எலுமிச்சைப் புல், வெட்டிவேர் மாதிரி தூர் கட்டி வளர்ற செடிங்க அடியில பக்கக் கன்னு விட்டுக்கிட்டே இருக்கும். ஒரு கட்டத்துல தொட்டி முழுக்க வேராயிடும். ஊத்துற தண்ணி நிக்காம ஓடும், பூ குறையும், நடுவுல இருக்கிற பழைய தூர் சொத்தையாகும். அப்போ வேரும் குருத்தும் சேர்ந்த மாதிரி பங்கு போட்டு எடுத்தா, ஒவ்வொரு பங்கும் அன்னிக்கே தனிச் செடி. தாய்ச் செடியோட அச்சு அசல் ஜெராக்ஸ்!

ஜெராக்ஸ்னு சும்மா சொல்லலை. மஞ்சள் பார்டர் போட்ட ஸ்நேக் பிளான்ட் பார்த்திருப்பீங்க. அதோட இலையைத் துண்டு போட்டு மண்ணுல சொருகினாலும் வேர் விடும், குட்டி போடும். ஆனா, அந்தக் குட்டியில மஞ்சள் பார்டர் வராது. வெறும் பச்சைதான். ஏன்னா அந்தச் செடிக்குள்ள ரெண்டு விதமான செல் அடுக்குகள் கலந்து இருக்கு. இலைத் துண்டுலேர்ந்து புதுசா முளைக்கிற குருத்துல அந்தக் கலவை கலைஞ்சுடுது. மஞ்சள் பார்டரோட வேணும்னா ஒரே வழி, அடிக்கிழங்கைக் கத்தியால வெட்டிப் பிரிக்கிறதுதான். இலையை வெட்டி நட்டுட்டு, 'கடைக்காரர் ஏமாத்திட்டார்'னு திட்டுற மக்களே... பாவம், அவர் மேல தப்பில்லை!

கத்தியை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். பல செடிக்குக் கத்தியே தேவையில்லை. சம்பங்கிக் கிழங்கைக் கையாலயே உதிர்க்கலாம். ஸ்பைடர் பிளான்ட்டை மண்ணைக் கழுவிட்டு மெதுவா இழுத்தா அதுவே பிரியும். கையால பிரிச்சா வேர், அதோட இயல்பான இணைப்புல விட்டுக் கொடுக்கும்; காயம் கம்மி. கை தோத்த இடத்துலதான் கத்திக்கு வேலை.

எதுக்கு எது?

வெட்டப் போற இடம் சதைப்பத்தா, நாரான்னு பாருங்க. அதை வெச்சுத்தான் கத்தி.

இஞ்சி, மஞ்சள், கல்வாழை, ஸ்நேக் பிளான்ட் இதெல்லாம் சதைப்பத்தான கிழங்கு. இதுக்குப் பல் இல்லாத, மெல்லிசான, நல்லா தீட்டின கத்தி. ஒரே அழுத்து, ஒரே வெட்டு. வெட்டின முகம் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்தா சீக்கிரம் காயும். மொண்ணைக் கத்தி வெட்டாது, நசுக்கும். நசுங்கின இடம்தான் முதல்ல அழுகும்.

பீஸ் லில்லி, பெரணி மாதிரி ஆளுங்க வேற ரகம். தொட்டியைக் கவுத்தா வேரும் மண்ணும் சேர்ந்து தேங்காய் நார் மெத்தை மாதிரி வந்து விழும். இதுல வழவழ கத்தியை வெச்சீங்கன்னா ரெண்டு இழுப்புல காலி. மண்ணுல இருக்கிற மணல் துகளே அரம் மாதிரி வேலை செஞ்சு கூரை மழுக்கிடும். இங்கே ஹீரோ யார் தெரியுமா? ரொட்டி வெட்டுற பல் வெச்ச கத்தி! நாம கொடுக்கிற விசை முழுக்க அந்தச் சின்னச் சின்னப் பல் நுனியில குவியுது. பரப்பு குறைஞ்சா அழுத்தம் எகிறும், பிளஸ் டூ பிசிக்ஸ்தான். வளையுற நார், பல்லுல மாட்டி இழுபட்டு அறுந்துடும். இன்னொரு லாபம், ரெண்டு பல்லுக்கு நடுவுல இருக்கிற பள்ளத்து கூர் மண்ணுல அவ்வளவா உரசாது. அதனால பல் நுனி கொஞ்சம் தேய்ஞ்சாலும் கத்தி அறுத்துக்கிட்டே இருக்கும்.

இதுக்காக பேக்கரிக் கத்தி தேடி அலைய வேண்டாம். நம்ம ஊர் கதிர் அரிவாள் இருக்கே, அதுல பொடிப் பல் வெச்சது கிடைக்கும். நெல் அறுக்க வந்த அந்த ஆள், எலுமிச்சைப் புல் தூரையும் வெட்டிவேர்த் தூரையும் பிரிக்கறதுல கில்லி. வளைஞ்சு இருக்கிறதால தூர் நழுவாம உள்ளயே நிக்கும். ஒரே சிக்கல், இழுக்கும்போது கூர் நம்ம பக்கம் வரும். காலை அகட்டி வெச்சு உக்காருங்க. கையில உறை, காலுல ஷூ அவசியம்.

ஜப்பான்ல இதுக்குன்னே 'ஹோரி ஹோரி'ன்னு ஒரு ஐட்டம் வெச்சிருக்காங்க. 'ஹோரி'ன்னா தோண்டுறது. லேசா குழிஞ்ச பட்டை, ஒரு ஓரம் பல், மறு ஓரம் வழவழ கூர். தோண்டலாம், நெம்பலாம், அறுக்கலாம். ஆன்லைன்ல கிடைக்குது. நல்ல சாமான்தான், மறுக்கலை. ஆனா, மாசக் கடைசியில அந்த விலையைப் பார்த்தா பர்ஸ் மயக்கம் போட்டுடும். நாலு தொட்டி வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு பழைய ரொட்டிக் கத்தியும் ஒரு கிச்சன் கத்தியும் தாராளமாப் போதும். இது என் தீர்ப்பு!

ஒட்டுக் கட்டுற கத்தியை மட்டும் தயவுசெஞ்சு இந்தப் பக்கம் கொண்டு வராதீங்க. ஷேவிங் பிளேடு மாதிரி சீவி வெச்சிருப்பாங்க. மண்ணுல வெச்சா ஒரே நாள்ல அது வெண்ணெய் தடவத்தான் லாயக்கு. பெரிய வாழைத்தூருக்கும் கத்தி வேண்டாம், அங்கே கடப்பாரையும் மண்வெட்டியும்தான். இங்கிலாந்து தோட்டக்காரங்க பெரிய தூர்களுக்கு ரெண்டு முள்கரண்டி மண்வெட்டியை முதுகோடு முதுகு சேர்த்துக் குத்தி நெம்பிப் பிரிப்பாங்க.

இரும்பு பேசுது

கடையில பளபளன்னு தொங்குற ஸ்டெயின்லெஸ் கத்தி துருப்பிடிக்காது. ஆனா, மலிவான ரகம் சீக்கிரம் மழுங்கும். கொல்லர் பட்டறையில லாரி ஸ்பிரிங் பட்டையை அடிச்சுச் செய்யற கத்தி கார்பன் ஸ்டீல். சினிமா புண்ணியத்துல பேர் கெட்டுப் போன திருப்பாச்சேத்தி அரிவாளோட சிவகங்கைச் சீமை மாதிரி, பட்டறைத் தொழில் பேர் வாங்கின ஊர்கள் நம்மகிட்ட உண்டு. பழுக்கக் காய்ச்சி சட்டுனு ஆற வெச்சா ஸ்டீல் கடினமாகும்; ஆனா கண்ணாடி மாதிரி உடையும். மறுபடி மிதமா சூடு காட்டினா உறுதி வரும். நம்ம லேப்ல 'ஹார்டனிங், டெம்பரிங்'னு ரெக்கார்டு எழுதறோமே, அதையேதான் கொல்லர் நெருப்போட நிறத்தைப் பார்த்துச் செய்றார்.

வாங்கும்போது ஒரு குட்டி டெஸ்ட். கத்தி முனையோரத்துல அரத்தை லேசா ஓட்டிப் பாருங்க. வழுக்கிக்கிட்டு ஓடினா கத்தி கடினம். நறநறன்னு கடிச்சா ரொம்ப மென்மை, கூர் நிக்காது. தீட்டும்போது சமையல் கத்தி மாதிரி 15, 20 டிகிரிக்கு மெலிசாக்க வேண்டாம். மண்ணுல புழங்குற கத்திக்கு ஒரு பக்கம் 25 முதல் 30 டிகிரி வரைக்கும் வெச்சா கூர் கொஞ்சம் தடிமனா, தாக்குப் பிடிக்கும்.

கத்தி பரப்பிய நோய்

இப்போ அந்த வாழைக் கதை. கிழக்கு ஆப்பிரிக்காவுல உகாண்டான்னு ஒரு நாடு. நமக்குச் சோறு மாதிரி அங்கே வாழைக்காய். வேகவெச்சு மசிச்ச 'மடோகே' இல்லாம பல வீட்டுல சாப்பாடே கிடையாது. 2001-ல அங்கே வாழையைத் தாக்குற ஒரு பாக்டீரியா வாடல் நோய் தெரியவந்துச்சு. அதுக்கு முன்னாடி எத்தியோப்பியாவுல இருந்த நோய். இலை மஞ்சளாகும், காய் அகாலமாப் பழுத்து உள்ளே அழுகும், தண்டை வெட்டினா மஞ்சளா திரவம் கசியும். மரம் காலி.

பரவினது எப்படி? பூவுல வந்து உக்கார்ற பூச்சிங்க மூலமா. நோய் இருந்த தோட்டத்துலேர்ந்து எடுத்த கன்னு மூலமா. அப்புறம், கத்தி மூலமா! நோயாளி மரத்துல காய்ஞ்ச இலையை அறுத்த கத்தி, அதே கசிவோட அடுத்த மரத்துக்குப் போச்சு. அடுத்தது, அதுக்கு அடுத்தது... ஒழுங்கா உழைச்ச விவசாயி, உழைச்ச பாவத்துக்கே நோயைத் தன் கையால ஒவ்வொரு மரத்துக்கும் கொண்டுபோயிட்டார். அப்புறம் விஞ்ஞானிங்க சொன்ன வழிகள் ரொம்ப எளிமையானது. ஒவ்வொரு மரத்துக்கும் நடுவுல கத்தியை நெருப்புல காட்டு, இல்லைன்னா பிளீச்சிங் கரைசல்ல முக்கு. வாழைப்பூவை ஒடிக்கக் கத்தியே வேண்டாம், கவட்டைக் குச்சியால முறிச்சு எடு. கத்தியைத் தவிர்க்கறதே வைத்தியம்!

நம்ம மொட்டை மாடிக்கு அந்த நோய் வரலை. ஆனா லாஜிக் அதேதான். ஆர்க்கிட் வளர்க்கறவங்களைக் கேளுங்க, ஒரு செடியில இருக்கிற வைரஸ் வெட்டுற கத்தி வழியா மொத்தத் தோட்டத்துக்கும் தொத்தும்னு நடுங்குவாங்க. இஞ்சியிலயும் வாடல் பாக்டீரியா, விதைக்கிழங்கு வெட்டுற கத்தியோட பயணம் போகும். செடியைப் பிரிக்கிறதுன்னா ஆபரேஷன். ஒரே கத்தியால பத்து பேஷன்ட்டுக்கு ஆபரேஷன் பண்ணுவாங்களா?

அதனால ஒரு செடி முடிஞ்சதும் முதல்ல மண்ணையும் சாறையும் சோப்புத் தண்ணியில தேய்ச்சுக் கழுவணும். அழுக்கு மேல மருந்து ஊத்தினா உள்ளே இறங்காது. அப்புறம் 70 சதவிகித ஆல்கஹால்ல துடைக்கணும். 'நூறு சதவிகிதம்னா இன்னும் பவர்தானே?' இல்லை பாஸ். கொஞ்சம் தண்ணி கலந்திருந்தாத்தான் கிருமியோட புரதத்தை அது ஒழுங்காக் குலைக்கும். சுத்த ஆல்கஹால் வேலை செய்யறதுக்கு முன்னாடியே ஆவியாயிடும். துடைச்ச கையோட லைட்டர் பக்கம் மட்டும் போயிடாதீங்க, குப்புன்னு பத்திக்கும். வீட்டு பிளீச் ஒரு பங்கு, தண்ணி ஒன்பது பங்குன்னு கலந்தும் முக்கலாம். ஆனா பிளீச் இரும்பை அரிக்கும். ஸ்டெயின்லெஸ்லயே குழி விழும். முக்கினதும் கழுவி, துடைச்சு, தேங்காய் எண்ணெய் தடவிடணும். புகையிலை மொசைக் குடும்பத்து வைரஸ்களுக்கு ஆல்கஹால் அவ்வளவா பலிக்காது. அதுக்குக் கொழுப்பு நீக்கின பால் பவுடரை 100 மில்லி தண்ணிக்கு 20 கிராம் வீதம் கரைச்சு, அதுல கருவியை முக்குவாங்க. காமெடி இல்லை, ஆராய்ச்சியில நிரூபணமான சங்கதி!

சரி, களத்துல இறங்குவோம். ஒரு பீஸ் லில்லி. முந்தின நாளே தண்ணி ஊத்திடுங்க. வெயில் தாழ்ந்ததும் தொட்டியைச் சாய்ச்சு மொத்தமா வெளியே எடுங்க. பாதி மண்ணை உதிர்த்தா எது எந்தக் குருத்துன்னு கண்ணுக்குத் தெரியும். அதைப் பார்க்காம வெட்டினா ஒரு பங்கு இலை மட்டும், இன்னொரு பங்கு வேர் மட்டும் கிடைக்கும்! உள்ளங்கையில வெச்சு வெட்டற வீரமெல்லாம் வேண்டாம். தரையில பலகை போட்டு, மேலேர்ந்து ரெண்டு குருத்துக்கு நடுவுல பல் கத்தியை இறக்கி, முன்னும் பின்னுமா அறுங்க. பங்குக்கு ரெண்டு மூணு குருத்தாவது இருக்கட்டும். பேராசையில ஒத்தை ஒத்தையாப் பிரிச்சா, எல்லாமே மாசக்கணக்குல நோஞ்சானா நிக்கும். பெரிய இலை சிலதைக் குறைச்சுட்டு, உடனே நட்டு, ஒரு வாரம் நிழல்ல வைங்க. கிழங்கு ரகமா இருந்தா நேர்மாறு. வெட்டின முகத்தை ஒண்ணு ரெண்டு நாள் நிழல்ல காய விட்டுத்தான் நடணும். அக்னி நட்சத்திரத்துல இந்த விளையாட்டே வேண்டாம், ஆடி மழைக்குக் காத்திருங்க.

மண் பட்ட கத்தி கையைக் கிழிச்சா பிளாஸ்திரி ஒட்டிட்டு மேட்ச் பார்க்கப் போயிடாதீங்க. கழுவிட்டு டாக்டர்கிட்ட போய், டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு நாளாச்சுன்னு கணக்குப் பாருங்க. அப்புறம், பீஸ் லில்லி, டைஃபன்பேக்கியா சாறுல ஊசி ஊசியா கால்சியம் ஆக்ஸலேட் படிகம் இருக்கு. வாயில பட்டா நாக்கு எரிஞ்சு வீங்கும். அதனால தோட்டத்துக் கத்தியோட கைப்பிடியில சிவப்பு இன்சுலேஷன் டேப்பை நாலு சுத்து சுத்தி, ஆணியில தனியா மாட்டிடுங்க. நீங்க ஹாஸ்டல்ல இருக்கிற நேரம் பார்த்து, அம்மா அதுல வெங்காயம் நறுக்கிடப் போறாங்க!