என்ன கேக்கணும் மதினி?

எங்கள் வீட்டுக் கதை ஒன்றைத் தோழிகளிடம் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆனாலும் வரவு செலவுக் கணக்கு எழுதுவது எனக்குப் பிடிக்கும்.

என் கொழுந்தன் விளையாட்டுப் போட்டிகளைப் படம் எடுப்பவன். எங்கேயும் மாதச் சம்பளம் கிடையாது. யார் கூப்பிட்டாலும் போவான். பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கத்தில் ஓட்டப் பந்தயம், பள்ளிக்கூட விளையாட்டு விழா, ஆற்றங்கரை ஊர்களில் விடிய விடிய கபடி. கல்யாண வீட்டுக்கு என்றால் ஊரில் ஒரு ரேட் இருக்கிறது. இதற்குக் கிடையாது. கமிட்டிக்காரர்கள் கொடுக்கிற ஆயிரம் ரூபாயையும் ஒரு துண்டையும் வாங்கிக்கொண்டு வருவான்.

போன வருடம் அவன் எடுத்த கபடிப் படம் ஒன்று, ஒரு கடையின் விளம்பரத் தட்டியில் பத்தடி உயரத்துக்கு நின்றது. ஓரத்தில் இருந்த அவன் பெயரை வெட்டிவிட்டார்கள். கேட்கப் போனதற்கு, "உன் படத்தை ஊரே பாக்குல்லா, சந்தோசப்படு" என்று பதில். அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை. லென்ஸ் கடனுக்குத் தவணை கட்ட மறுநாள்தான் கடைசி. அண்ணனிடம் கேட்கக் கூசிக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நின்றான்.

"அடுத்த தடவை என்ன கேக்கணும்னே தெரியல மதினி."

எங்கள் அம்மா முக்கூடலில் பீடி சுற்றியவள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இலையை நனைக்கிற நேரம், வெட்டுகிற நேரம், கடையில் போய் நிற்கிற நேரம் இதையெல்லாம் யாரும் எண்ணித் தந்ததில்லை. இவன் பிழைப்பும் அதேதான் என்று எனக்குப் பட்டது. நோட்டை எடுத்து உட்கார்ந்தோம்.

ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஓடுகிற ஆளைக் கலங்காமல் பிடிக்க, கேமரா ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் கண் திறக்குமாம். அதற்குள் வெளிச்சம் போதுமான அளவு உள்ளே போக, வாய் அகன்ற லென்ஸ் வேண்டும். விலை அதில்தான் இருக்கிறது. (விலையைக் கேட்டு என் மாமியாருக்குப் படபடப்பே வந்துவிட்டது.) கேமராவும் லென்ஸும் சேர்த்து 2,10,000 ரூபாய். நாலு வருடம் உழைக்கும், வருடத்துக்கு 60 வேலை என்று வைத்தால், ஒரு வேலைக்கு 875 ரூபாய் தேய்மானம். பெட்ரோல், சாப்பாடு 250. ராத்திரி எட்டு மணி நேரம் நின்று எடுப்பதோடு, மறுநாள் ஐந்து மணி நேரம் படங்களைப் பொறுக்கித் திருத்த வேண்டும். அந்த ஒன்றரை நாளுக்குக் கொத்தனார் கூலி மாதிரி 1,500 போட்டோம். ஆக 2,625. ஆயிரம் ரூபாய்க்குப் போன ஒவ்வொரு கபடிக்கும் அவன் கைக்காசைத்தான் போட்டிருக்கிறான்! ரிப்பேருக்கும் வேலை இல்லாத மாதங்களுக்கும் சேர்த்து 4,000 என்று எழுதினேன்.

தட்டி விஷயத்துக்குத் தெரிந்த வக்கீல் அம்மாவிடம் போனோம். 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, தானாகப் போய் எடுத்த படம் எடுத்தவனுக்கே சொந்தம். அவன் ஆயுள் முழுக்க, அதன் பிறகும் 60 வருடம். ஆனால் ஒருவர் காசு கொடுத்துச் சொல்லி எடுக்க வைத்தால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், உரிமை காசு கொடுத்தவருக்குப் போய்விடும். கமிட்டி ஆயிரம் ரூபாய் கொடுத்ததே, எழுத்து ஒன்றும் இல்லையே! "உங்க பக்கம் வலு இல்லம்மா" என்றார். எனக்கு வயிறு எரிந்தது.

இப்போது ஒரு ரசீதுப் புத்தகம் அடித்திருக்கிறோம். படத்தின் உரிமை எடுத்தவருக்கே, கமிட்டி தன் உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளலாம், கடை விளம்பரம் என்றால் தனித் தொகை என்று அதில் இருக்கிறது. வேலைக்கு முன்னாலேயே கையெழுத்தும் பாதிப் பணமும் வாங்கிவிடுவோம்.

இந்த வருடம் முதல் கமிட்டிக்காரர் போனில், "போன வருசம் ஆயிரம் ரூவாய்க்கு வந்தான்லா!" என்று சத்தம் போட்டார். இவன் பேசாமல் போனை என்னிடம் நீட்டிவிட்டான். நான் நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தேன். 3,500-க்குச் சம்மதித்தார். இன்னொரு ஊர்க்காரர்கள் செல்போனிலேயே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். ராத்திரிப் படம் எப்படி வந்தது என்று நான் விசாரிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஓடி ஜெயித்த சின்னப் பிள்ளைகளின் அம்மாமார் ஒரு பிரதி கேட்டு வந்தால் மட்டும் இன்னமும் சும்மா கொடுத்துவிடுகிறான். அச்சுக்கூலி 30 ரூபாயாவது வாங்குப்பா என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

- ஒரு வாசகி, பாளையங்கோட்டை.