திருத்தம் சரியாக இருந்தால் மட்டும் போதுமா?

கைபேசியில் அப்டேட் வந்தால், "நன்றாக ஓடுவது கெட்டுவிடக் கூடாதே" என்று நம்மில் பலர் தள்ளிப் போடுகிறோம். இந்த அச்சம் மென்பொருளை வெளியிடுவோருக்கும் உண்டு.

ஆண்ட்ராய்டு கைபேசிகளின் அடித்தளம் லினக்ஸ் கெர்னல். அதன் நிலையான பதிப்பில் ஒரு திருத்தம் சேர, அது லினஸ் டோர்வால்ட்ஸின் முதன்மைப் பதிப்பில் முன்பே ஏற்கப்பட்டிருக்க வேண்டும். சரியானது என்பது வெளிப்படையாகத் தெரிய வேண்டும், சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். 100 வரிகளுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. இயந்திரம் முடங்குவது, தகவல் அழிவது, பாதுகாப்பு ஓட்டை போன்ற உண்மையான பாதிப்பை அது நீக்க வேண்டும். வெறும் எழுத்துப் பிழைத் திருத்தங்களுக்கு அங்கே இடமில்லை.

காரணம், ஒன்றைத் திருத்தப் போய் வேறொன்று கெடலாம். ஒரு தீங்கை அதற்கு நிகரான தீங்கால் நீக்கக் கூடாது என்று ஃபிக்ஹ் கலையில் ஒரு விதி உண்டு. இங்கும் அதே தராசுதான்.

இப்படி எடைபோட்டு வெளியிட்ட பின்பும் நாம் தாமதித்தால் என்ன ஆகும்? விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை 2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. அதை நிறுவாத கணினிகளை மே மாதம் வான்னாக்ரை தாக்கியது. பிரிட்டனில் பல மருத்துவமனைகளில் சிகிச்சைகள் ரத்தாயின.

நம் கைபேசியில் வங்கிக் கணக்கும் பிள்ளைகளின் படங்களும் இருக்கின்றன. அவை அமானிதம். முக்கியமானவற்றுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, பாதுகாப்பு அப்டேட்டை இன்றே நிறுவிவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.