ஐந்து பிள்ளைகளும் ஒரு டாக்டர் பட்டமும்

கரும்பலகைக்கு முன்னால் – 12

சென்ற வாரம் அன்னா ஜூலியா கூப்பரின் கதையை 1906-இல் நிறுத்தியிருந்தோம். வாஷிங்டனில் கறுப்பினப் பிள்ளைகள் படித்த எம் ஸ்ட்ரீட் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் பதவி அவர் கையைவிட்டுப் போன ஆண்டு அது. அந்தப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் தெரிந்தால் போதும் என்று மேலே இருந்தவர்கள் நினைத்தார்கள். அவரோ லத்தீனும் கணிதமும் சொல்லிக்கொடுத்து அவர்களை ஹார்வர்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பிறகு மிசௌரி மாநிலத்தில் ஒரு கல்லூரியில் நான்கு வருடம் வேலை. 1910-இல் அதே எம் ஸ்ட்ரீட் பள்ளியிலிருந்து மறுபடியும் அழைப்பு வந்தது, இந்த முறை லத்தீன் ஆசிரியையாக. தலைவியாக இருந்து ஆண்ட பள்ளிக்குள் இன்னொருவருக்குக் கீழே வேலை பார்க்க நுழைவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அவர் போனார். பிள்ளைகள் அங்கேதானே இருந்தார்கள்.

இந்த வாரம் சொல்லப்போவது அவருடைய ஐம்பது வயதுக்குப் பிந்தைய வாழ்க்கை. என்னைக் கேட்டால், அவர் கதையின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1914-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் முனைவர் படிப்பைத் தொடங்கினார். வயது 56. பள்ளி நடக்கும் மாதங்களில் வாஷிங்டனில் பாடம் நடத்த வேண்டும், கோடையில் நியூயார்க் போய்ப் படிக்க வேண்டும். மறு ஆண்டே பிறந்த ஊரான ராலியிலிருந்து துக்கச் செய்தி வந்தது. அவருடைய அண்ணன் வழியில், ஐந்து பேரப்பிள்ளைகள் தாயை இழந்து நின்றார்கள். மூத்தது பன்னிரண்டு வயதுப் பிள்ளை. கடைக்குட்டி ஆறு மாதக் கைக்குழந்தை.

கூப்பருக்குச் சொந்தப் பிள்ளைகள் கிடையாது. 1877-இல் கல்யாணம், 1879-இல் கணவர் மரணம், அதன்பின் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அந்த அத்தைப் பாட்டி ஐந்து பேரையும் வாஷிங்டனுக்கு அழைத்துவந்துவிட்டார். இத்தனை பேருக்கும் இடம் வேண்டுமே என்று லெட்ராய்ட் பார்க் பகுதியில், டி தெரு 201-ஆம் எண் வீட்டைக் கடன்பட்டு வாங்கினார். சம்பளம் ஒன்றுதான் வருமானம். வாய்களோ ஆறு. பகலில் லத்தீன், மாலையில் ஐந்து பிள்ளைகளின் சாப்பாடும் துணியும் காய்ச்சலும் வீட்டுப்பாடமும், அவர்கள் தூங்கிய பிறகு பழைய பிரெஞ்சு.

கொலம்பியாவில் ஒரு விதி இருந்தது: பட்டம் வேண்டுமென்றால் ஓராண்டு அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டு, ஐந்து குழந்தைகளை யாரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் அங்கே போய்த் தங்குவார்? அந்த விதியை எழுதியவர்கள் மனத்தில் அவரைப் போன்ற ஒரு மாணவி இருந்திருக்கவே முடியாது. விட்டுவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவர் செய்தது வேறு. கொலம்பியாவில் முடித்த பாடங்களின் கணக்கைப் பாரிஸின் சோர்பான் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொண்டார்.

கொலம்பியாவுக்காக அவர் உழைத்தது சார்லமேன் மன்னனின் யாத்திரையைப் பற்றிய இடைக்காலப் பிரெஞ்சுக் காவியம் ஒன்றில். சோர்பானுக்கு அது மட்டும் போதவில்லை. புதிதாக ஓர் ஆய்வேடு வேண்டியிருந்தது. அப்போது அவர் தேர்ந்தெடுத்த பொருளைக் கவனியுங்கள்: பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அடிமை முறையைப் பிரான்ஸ் எப்படிப் பார்த்தது? சமத்துவம் பேசிய புரட்சி, இன்று ஹைட்டி என்று அழைக்கப்படும் கரும்புத் தோட்டக் காலனியின் அடிமைகள் விஷயத்தில் எப்படித் தடுமாறியது, அந்த அடிமைகளின் எழுச்சி புரட்சியின் போக்கையே எப்படி மாற்றியது என்று ஆராய்ந்தார். இதே களத்தைப் பற்றி சி.எல்.ஆர். ஜேம்ஸ் எழுதிய புகழ்பெற்ற நூல் வந்தது 1938-இல். அடிமைத் தாயின் வயிற்றில் அடிமையாகவே பிறந்த ஒரு பள்ளி ஆசிரியை அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே இதை எழுதி முடித்துவிட்டார்.

எழுதி முடிப்பதற்குள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 1924-இல் பாரிஸ் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது வாஷிங்டனிலிருந்து ஒரு தந்தி. 60 நாட்களுக்குள் வேலைக்குத் திரும்பாவிட்டால் வேலை போய்விடும் என்று பேச்சு அடிபடுவதாக நண்பர் ஒருவர் எச்சரித்திருந்தார். வேலை போனால் ஓய்வூதியமும் போகும். ஏறக்குறைய நாற்பது ஆண்டு உழைப்பின் பலனை அப்படி ஒரே வீச்சில் பறித்திருப்பார்கள் என்பதை நினைத்தால் இன்றும் நமக்குக் கோபம் வருகிறது. அவர் கோபப்பட்டு நேரத்தை வீணாக்கவில்லை. வேண்டிய ஆவணங்களுக்கு ஏற்பாடு செய்துவிட்டுக் கப்பலேறினார். கெடு முடிவதற்குள் தன் வகுப்பறையில் இருந்தார். மிச்ச வேலையை வாஷிங்டனிலேயே, காங்கிரஸ் நூலகத்தில் செய்துமுடித்தார்.

1925 மார்ச் 23. சோர்பானில் தேர்வாளர்கள் முன்னால் நின்று, பிரெஞ்சு மொழியில் தன் ஆய்வுக்காக வாதாடினார். வயது 66. முனைவர் பட்டம் பெற்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண்களில் அவர் நான்காமவர். முதல் மூவரும் பட்டம் பெற்றது 1921-இல். எல்லோரும் அவரைவிட வயதில் இளையவர்கள்.

1930-இல் பள்ளியிலிருந்து ஓய்வு. ஆனால் ஃப்ரெலிங்ஹைசன் பல்கலைக்கழகம் என்ற சிறு நிறுவனத்துக்கு அதே ஆண்டு தலைவரானார். பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் படிக்க வரும் கறுப்பினத் தொழிலாளர்களுக்கான இடம் அது. கட்டடத்துக்குப் பணமில்லாதபோது டி தெரு வீட்டையே திறந்துவிட்டார். பேரப்பிள்ளைகள் ஓடியாடிய வீட்டில் பெரியவர்கள் பாடம் படித்தார்கள். எழுத்தறிவே இல்லாதவர்களுக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கி, அதற்குத் தன் தாய் ஹன்னா ஸ்டான்லியின் பெயரை வைத்தார். நிறுவனம் பட்டம் வழங்கும் உரிமையை இழந்த பிறகும் வகுப்புகளை அவர் விடவில்லை.

அந்த வருடங்களில் ஒரு பெரிய அடி விழுந்தது. ஆறு மாதக் குழந்தையாக அவர் கைக்கு வந்த கடைக்குட்டி, அவர் பெயரையே தாங்கி வளர்ந்த பெண், 1939-இல் நிமோனியாவால் இறந்துபோனாள். இருபத்து நான்கு வயது. தனக்குப் பிறகு ஃப்ரெலிங்ஹைசனை இவள் பார்த்துக்கொள்வாள் என்று நம்பியிருந்த பாட்டிக்கு அப்போது 80 வயது.

அதற்குப் பிறகும் கால் நூற்றாண்டு வாழ்ந்தார். 1964 பிப்ரவரி 27 அன்று, 105-ஆவது வயதில், அதே டி தெரு வீட்டில் உயிர் பிரிந்தது. உடலை ராலிக்குக் கொண்டுபோய்க் கணவரின் அருகில் அடக்கம் செய்தார்கள். வீட்டின் எதிரே உள்ள வட்டச் சதுக்கத்துக்கு இப்போது அவர் பெயர். 2009-இல் அமெரிக்க அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு அவர் எழுதிய அந்த ஆய்வேடு மட்டும் வெகுகாலம் பிரெஞ்சிலேயே கிடந்தது. அவர் ஊர்க்காரர்கள் படிக்கும்படி ஆங்கிலத்தில் அது வெளிவந்தது 1988-இல்.

(தொடரும்)