வால்வு நோயும் வாழ்க்கைத் துணையும்

முதுமையில் வரும் இதய வால்வு நோய்களுள் நாங்கள் மிகுதியாகக் காண்பது பெருந்தமனி வால்வுச் சுருக்கம். இதயத்திலிருந்து உடலெங்கும் இரத்தம் புறப்படும் வாசலில் இந்த வால்வு உள்ளது. அதன் இதழ்களில் ஆண்டுக்கணக்கில் கால்சியம் படிந்து, அவை விறைத்துப்போகின்றன. 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வரை திறக்க வேண்டிய வாசல், நோய் முற்றும்போது 1 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே குறுகிவிடுகிறது. அதை மீண்டும் விரியச் செய்யும் மாத்திரை எதுவும் இல்லை.

சுருக்கத்தின் அளவை எக்கோ பரிசோதனை காட்டிவிடும். ஆனால் சிகிச்சையை எப்போது செய்வது என்பதற்கு, நோயாளிக்கு அறிகுறிகள் உண்டா என்று தெரிய வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. "மூச்சு வாங்குகிறதா?" என்று கேட்டால், எழுபதைக் கடந்த பலரும் "அதெல்லாம் ஒன்றுமில்லை, டாக்டர்" என்றே சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யன்று. மூச்சு வாங்கும் வேலைகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிட்டபின் மூச்சு எப்படி வாங்கும்? அருகில் அமர்ந்திருக்கும் மனைவிதான், "மாடிக்குப் போவதையே நிறுத்திவிட்டார்; கோயிலுக்கு நடந்து போனவர் இப்போது ஆட்டோ கேட்கிறார்" என்கிறார். நோயாளி மனைவியாக இருந்தால் இது இன்னும் மறைவாக நிகழும். வாசலில் கோலம் சிறுக்கும். தண்ணீர்க் குடம் மகன் கைக்கு மாறும். வயதாகிவிட்டது என்று வீடே அதை ஏற்றுக்கொள்ளும்.

ஆகவே ஆறு மாதங்களுக்கு முன் செய்தவற்றுள் இன்று செய்யாதவை எவை என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். நடக்கும்போது நெஞ்சை இறுக்கிப் பிடித்தல், கண் இருண்டு மயங்குதல், இரவில் கூடுதல் தலையணை தேடுதல் ஆகியவற்றை ஒருமுறை கண்டிருந்தாலும் சொல்லுங்கள். கடுமையான சுருக்கத்துடன் அறிகுறிகளும் தோன்றியபின் வால்வை மாற்றாது விட்டால், ஏறத்தாழ பாதிப் பேர் இரண்டு ஆண்டுகளைக் கடப்பதில்லை. "பேத்தி கல்யாணம் முடியட்டும்" என்று தள்ளிப்போடுவதை நாங்கள் ஏற்காததற்கு இதுவே காரணம்.

வால்வை நெஞ்சைத் திறந்து மாற்றலாம்; அல்லது தொடை இரத்தக்குழாய் வழியாகக் கதீட்டர் மூலம் பொருத்தலாம். டாவி எனப்படும் இந்த இரண்டாம் முறை 2002இல் பிரான்சில் அலன் கிரிபியே என்னும் மருத்துவரால் முதன்முதலில் மனிதரில் செய்யப்பட்டது. எது பொருந்தும் என்பதை வயது, பிற நோய்கள், இரத்தக்குழாய்களின் அமைப்பு ஆகியவற்றைக் கொண்டு முடிவு செய்கிறோம். டாவி வால்வின் விலை அதிகம். அதைப் பற்றிக் கூச்சமின்றிக் கேளுங்கள். பல குடும்பங்களில் வெளியூர்ப் பிள்ளைகள் தொலைபேசியில் முடிவெடுத்தபின் நோயாளிக்குக் கடைசியாகச் சொல்கிறார்கள். இது சரியன்று என்பது எங்கள் கருத்து. அவருக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டியவர் நீங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பின் முதியோர் சிலருக்கு ஓரிரு இரவுகள் மனக்குழப்பம் வரும். இடம் தெரியாது, இல்லாதவரைக் கூப்பிடுவார்கள். புத்தி பேதலித்துவிட்டதோ என்று அஞ்ச வேண்டாம். பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடும். அவருடைய மூக்குக் கண்ணாடியையும் காது கருவியையும் கொண்டுவந்து அணிவியுங்கள். பழகிய குரல் மிகவும் உதவும்.

வீடு திரும்பியபின் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தரப்பட்டிருக்கலாம். உலோக வால்வு வைத்தவர்களுக்கு அது வாழ்நாள் முழுவதும் வேண்டும்; ஐ.என்.ஆர். பரிசோதனையும் தவறக் கூடாது. கீரையை விலக்க வேண்டியதில்லை, வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் சமைத்தால் போதும். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தாமாகவே மாத்திரை வாங்குவதுதான் ஆபத்து. பல் பிடுங்குமுன் செயற்கை வால்வு இருப்பதைப் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். காய்ச்சல் நீடித்தால், ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்பே எங்களிடம் அழைத்து வாருங்கள். வால்வில் கிருமி தொற்றியுள்ளதா என்று காட்டும் இரத்தக் கல்ச்சர் பரிசோதனையை அந்த மருந்து பொய்யாக்கிவிடும்.

வார்டில் துணைக்கு இருப்போரிடம் விசாரித்தால், தம் இரத்த அழுத்த மாத்திரையை வீட்டிலேயே விட்டு வந்தவர்கள் பலர் இருப்பார்கள். மருத்துவமனைக்குப் பை கட்டும்போது உங்கள் மாத்திரைகளையும் எடுத்து வையுங்கள். ஓரிரு இரவுகள் மகனோ மருமகளோ துணைக்குப் படுக்கட்டும். நீங்கள் வீட்டில் உறங்கிவிட்டுக் காலையில் வாருங்கள்.